எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிப்பது யார்?

இந்த வீட்டில் ஒரு திருடன் இருக்கிறான். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் ஓயமாட்டேன்!

தண்ணீர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று இப்படித்தான் சபதம் செய்தேன். கொஞ்சம் சத்தமாகவே செய்தேன். கேட்கவேண்டியவள் சமையலறையில் இருந்தாள்.

"பில் வந்துடுச்சா?" என்றாள் என் மனைவி, அங்கிருந்தபடியே.

"வந்துடுச்சு. போன தடவையைவிட ஏறியிருக்கு. நாம இங்க குடும்பம் நடத்துறோமா, நீச்சல் குளம் நடத்துறோமா?"

"வீட்ல இருக்கிறது ரெண்டு பேர். யானை எதுவும் வளர்க்கலையே."

"அதான் எனக்கும் புரியல. ரெண்டே பேர்! இவ்வளவு தண்ணியும் எங்கதான் போகுது?"

இந்த 'எங்கதான் போகுது' இருக்கிறதே, அதுதான் என் வியாதி. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. நான் வேலை பார்ப்பது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில். கார் மோதிவிட்டது, கடை எரிந்துவிட்டது என்று பணம் கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா, புளுகா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். மழைவெள்ளத்தில் நாசமானது என்று ஒருவர் காட்டிய சோபாவில் நாயின் பல் பதிந்திருந்ததைக் கண்டுபிடித்தவன் நான். அன்றிலிருந்து ஆபீஸில் எனக்குப் பெயர் 'பூதக்கண்ணாடி'. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று என் மேஜைமேலேயே எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தர் பிறந்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏற்கெனவே பிறந்து, வளர்ந்து, எனக்கே வாக்கப்பட்டிருக்கிறார் என்பதைக் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் சபதத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது. சாய்ந்தால் சாயும், காலை நீட்டினால் அதுவே காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்க்க, உள்ளே இருந்து அது என்னைப் பார்க்க, எங்களுக்குள் நெடுநாள் பழக்கம். அதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்கு வேறு ஆசை. வாஷிங் மெஷின். போர்வையையும் ஜன்னல் துணியையும் பிழிந்து பிழிந்து அவளுக்கு மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. அவள் மெஷின் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நான் ஒரே பதில் வைத்திருந்தேன். அன்றைக்கும் அதுதான் வந்தது.

"பில்லைக் குறைச்சுக் காட்டறேன் பாரு. மிச்சமாகிற காசு என் நாற்காலிக்கு. சம்மதமா?"

"சம்மதம். அப்படியே அந்த வாஷிங் மெஷினும்..."

"அதை மட்டும் பேசாதே. மெஷின் தண்ணி குடிக்கும்."

"கையால துவைச்சா மட்டும் துணி காத்துலயா அலசுது?"

"கையால துவைச்சா ஒரு கட்டுப்பாடு இருக்கும். மெஷினுக்கு ஏது கட்டுப்பாடு? வாயைத் திறந்தா மொடாக் குடி!"

"சரி, மெஷின் கம்மியாத்தான் குடிக்குதுன்னு வெச்சுக்கோங்க. அப்ப?"

"என் கண்ணால பார்த்தேன்னா, அன்னிக்கே வாங்கித் தரேன். நாற்காலிக் காசுலயே!"

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் தவளைக்கு அது கெட்ட பிறகுதான் தெரியும்.

"அப்ப நீங்க குளிக்கிறது?" என்று போகிற போக்கில் கேட்டாள்.

ஷவரைத் திறந்துவிட்டு அடியில் நின்றால்தான் என் மூளை வேலை செய்யும். ஆபீஸில் தீராத புளுகையெல்லாம் அங்கேதான் தீர்ப்பேன். சில புளுகு நீளமாக இருக்கும். அதற்கு நான் என்ன செய்ய?

"அது ஆபீஸ் வேலை. அதை இதுல சேர்க்காதே" என்றேன். ஆனாலும் ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டில் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? அன்றிலிருந்து அரை வாளிக் குளியல் என்று அறிவித்தேன். அவள் ஒரு பழைய வாளியைக் கொண்டுவந்து குளியலறையில் வைத்தாள்.

விசாரணையை மீட்டரிலிருந்து தொடங்கினேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழி. மேலே இரும்பு மூடி. திறந்தால் உள்ளே ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி இரண்டு மீட்டர்கள். ஒன்று எங்களுடையது, மற்றது பக்கத்து வீட்டு நர்ஸம்மாவுடையது. எது யாருடையது என்று மேலே எழுதியிருந்ததெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்து போயிருந்தது. ஒரு சாதாரண மனிதன் இங்கேயே திண்டாடியிருப்பான். நான் வீட்டைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றேன்.

"வலது பக்க மீட்டர்தான் நம்மளோடது" என்றேன்.

மனைவி குனிந்து பார்த்தாள். "நிச்சயமா தெரியுமா?"

"இங்கேருந்து பார்த்தா நம்ம வீடு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"அப்ப மீட்டர் எந்தப் பக்கம் இருக்கும்? இதுக்குப் பேர்தான் அனுமானம்."

அவள் மீட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லைங்க. உங்களுக்குத் தெரியாததா!"

கல்யாணமான நாளாக இந்த வாக்கியத்தை அவள் வாயால் கேட்க நான் தவம் கிடந்தவன். அது இவ்வளவு மலிவாகக் கிடைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

மீட்டரின் கண்ணாடிக்குள் ஒரு குட்டிச் சிவப்புச் சக்கரம் இருக்கிறது. தண்ணீர் ஓடினால் சுற்றும், நின்றால் நிற்கும். வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் இறுக்கி மூடிவிட்டு ஓடிவந்து பார்த்தேன். சுற்றுகிறது! ஒரு சொட்டு ஒழுகவில்லை, சக்கரம் பம்பரமாகச் சுற்றுகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடடா, இது சாதாரணத் திருடன் இல்லை, சுவருக்குள் இருந்து குடிக்கிறவன்!

டம்ளரைக் கவிழ்த்துச் சுவரில் வைத்து, அதில் காதை வைத்து, அறை அறையாகக் கேட்டுக்கொண்டு போனேன். கூடத்துச் சுவரில் ஏதோ முணுமுணுத்தது.

"இங்க கேட்குது! இங்கதான் ஒழுகுது!"

"அது நர்ஸக்கா போன்ல பேசறாங்க" என்றாள் மனைவி. "ஒட்டுக் கேட்காதீங்க, அசிங்கம்."

அந்தச் சக்கரத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. அதுதான் என்னை வாட்டி எடுத்தது. நர்ஸம்மா டியூட்டிக்குக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் வேகமாகச் சுற்றும். அவர் போனதும் ஓயும். அவர் திரும்பியதும் மறுபடி தொடங்கும். திருடனுக்கும் நர்ஸம்மாவுக்கும் ஒரே ஷிப்ட் போலிருக்கிறது என்று வேடிக்கையாக மனைவியிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் நகைச்சுவைக்கு அவள் அவ்வளவு சிரித்ததே இல்லை.

அரை வாளியில் குளித்தேன். சில நாள் குளிக்கவே இல்லை. நான் குளிக்காத நாளில்கூட மீட்டர் குளித்தது. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். எனக்குத் தூக்கம் போயிற்று. காசு போனால் போகட்டும், காரணம் தெரிந்தாக வேண்டும்!

"எனக்கு ஒண்ணு தோணுது" என்றாள் மனைவி, சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே. "ஒருவேளை துணி துவைக்கிறதுலதான் போகுதோ?"

"நீதான் துவைக்கிறே. உனக்குத் தெரியாதா எவ்வளவு போகுதுன்னு?"

"நான் எங்க கணக்குப் பார்த்தேன்? பிழியறதுக்கே கை போதல. ஆனா தெரிஞ்சுக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஒரு போர்வை எவ்வளவு தண்ணி குடிக்கும்?"

போர்வை எவ்வளவு தண்ணீர் குடிக்கும்! எவ்வளவு அருமையான கேள்வி! இத்தனை வருஷம் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறேன், ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா?

"ஞாயித்துக்கிழமை நானே துவைச்சுப் பார்க்கிறேன்."

"ஐயோ, நீங்க எதுக்குங்க?"

"நீ தண்ணியைத் தண்ணியா செலவழிப்பே. நான் சிக்கனமா துவைக்கிறேன். அப்பதான் சரியா தெரியும்."

"அதுவும் சரிதான்" என்றாள். அன்று அவளுக்கு எல்லாமே சரியாகத்தான் பட்டது.

ஞாயிறு காலை. வலது பக்க மீட்டரைக் குறித்துக்கொண்டேன். பின்கட்டில் துணி குவிந்திருந்தது. போர்வைகள், ஜன்னல் துணிகள், என் சட்டைகள், எங்கிருந்தோ முளைத்த ஒரு கம்பளி. நனைத்தேன், தேய்த்தேன், கும்மினேன், அலசினேன். நுரை போகிற வழியாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் பிழிந்தால் மறுபக்கம் உப்பியது. ஜன்னல் துணி என் கையைப் பிடித்து முறுக்கியதா, நான் அதை முறுக்கினேனா என்றே தெரியவில்லை. அந்த அவஸ்தைக்கு நடுவே சுவருக்கு அந்தப் பக்கம் குழாயைத் திறந்துவிட்ட சளசள சத்தம் வேறு.

"என்ன அது, பக்கத்து வீட்ல இப்படித் தண்ணி ஓடுது?"

"அக்கா வாசல் கழுவறாங்க போலிருக்கு."

"வாசலா, விமான நிலையமா? இப்படி விரயம் பண்றாங்களே, பில் கட்டப்போறவன் பாவம் இல்லையா?"

"பாவம்தான்" என்றாள் மனைவி.

கடைசித் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழிக்குப் போனேன். மீட்டரைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அம்மாடியோ! ஒரு குளமே போயிருந்தது. நான் தொட்டுத் தொட்டு, எண்ணெய் மாதிரி தண்ணீர் விட்டுத் துவைத்தே இந்தக் கதி!

"திருடன் துணிதான்!" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, கையைத் தூக்க முடியவில்லை. மணிக்கட்டு விண் விண்ணென்று தெறித்தது. சாயங்காலம் டம்ளரைப் பிடிக்க இரண்டு கை வேண்டியிருந்தது. இதைத்தான் இவள் வாராவாரம் செய்கிறாளா என்று நினைத்ததும் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் விசாரணை பாதியில் இருந்தது.

"மெஷின்ல போட்டா எவ்வளவு போகும்னு பார்த்துடலாம்" என்றேன் நானே. ஆமாம், நானேதான்.

"நம்மகிட்ட ஏதுங்க மெஷின்? அக்காகிட்ட வேணா இருக்கு. கேட்கட்டுமா? சங்கடப்படுவாங்களோ என்னவோ..."

நர்ஸம்மா சங்கடப்படவில்லை. கேட்டு முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார். "தாராளமா போடுங்க சார். ஆராய்ச்சின்னா நான் எதுவும் சொல்லமாட்டேன்."

அதே துணிகளை மண்ணில் புரட்டி அழுக்காக்கி, அவர் மெஷினில் போட்டோம். நர்ஸம்மா பொத்தானை அழுத்தினார். நான் ஓடிவந்து குழி ஓரம் குத்துக்காலிட்டு, இடது பக்க மீட்டர்மேல் கண்ணை நட்டேன். நர்ஸம்மா மீட்டர் அல்லவா? மெஷின் ஓட ஓட அது சுற்றித்தானே ஆக வேண்டும்?

சுற்றவில்லை! காத்திருந்தேன். லேசாக அசைந்தது. ஒரு டம்ளர் அளவுக்கு நகர்ந்தது. நின்றது. உள்ளே மெஷின் தடதடவென்று துவைப்பது எனக்கே கேட்கிறது. இது மெஷினா, மந்திரமா?

ஆனால் வலது பக்கச் சக்கரம், எங்கள் சக்கரம், தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏய்! வீட்ல என்ன பண்றே? நம்ம மீட்டர் சுத்துது!"

"பாத்திரம் தேய்க்கிறேங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"துணி துவைக்கிற மெஷினைவிட நீ பாத்திரத்துக்கு அதிகமா ஊத்தறே! நிறுத்து!"

"இதோ முடிஞ்சுது!"

கொஞ்ச நேரத்தில் மெஷினும் முடிந்தது, பாத்திரமும் முடிந்தது, என் சந்தேகமும் முடிந்தது. கண்ணால் பார்த்தாயிற்று, காதால் கேட்டாயிற்று, தீர விசாரித்தாயிற்று. சொன்ன சொல் தவறாதவன் நான். நாற்காலிக் காசை எடுத்துக்கொண்டு போய் வாஷிங் மெஷின் வாங்கினேன். அந்த நாற்காலிக் கடையைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பார்த்தீங்களா, நான் வாயைத் திறந்து கேட்கவே இல்லை" என்றாள் மனைவி.

"கேட்டிருந்தா வாங்கியிருக்க மாட்டேன். ஆதாரம் பேசிச்சு, வாங்கினேன்" என்றேன். புது மெஷினுக்கு முன்பக்கம் வட்டக் கண்ணாடி. உள்ளே துணி புரள்வது தெரிந்தது. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். என் சட்டை அவள் புடவையைத் துரத்தியது. பிறகு புடவை சட்டையைத் துரத்தியது. கடைசியில் யார் யாரைப் பிடித்தார்கள் என்று பார்க்க முடியாதபடி நுரை மறைத்துவிட்டது.

அந்த வாரமே மீட்டர்காரர் வந்தார். வழக்கமாக அவர் வரும் நேரம் நான் ஆபீஸில் இருப்பேன். அன்று கைவலிக்காக லீவு. என் வெற்றியை என் கண்ணாலேயே பார்க்கலாமே என்று கூடவே போனேன். அவர் மூடியைத் தூக்கி, இடது பக்கம் குனிந்தார்.

"ஐயா, அது பக்கத்து வீடு. நம்மளோடது வலது."

"இல்ல சார். இடதுதான் உங்களோடது."

"எங்க வீடு வலது பக்கம் இருக்கே?"

"வீடு வலதுதான். குழாய் மண்ணுக்குள்ள குறுக்க மாறிப் போகுது. வீட்ல அம்மாவுக்குத் தெரியுமே, மாசாமாசம் அவங்கதானே கூட நின்னு டார்ச் அடிச்சுக் காட்டறாங்க?"

காலுக்குக் கீழே குழி இருந்ததால் தப்பித்தேன். இல்லாவிட்டால் தரையே நழுவியிருக்கும். சுவருக்குள் குடித்த திருடன், நர்ஸம்மாவின் ஷிப்டில் சுற்றிய சக்கரம், விமான நிலையம் கழுவிய சத்தம், தண்ணீரே குடிக்காத மந்திர மெஷின், எல்லாம் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்று என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டின. நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"உனக்குத் தெரியும்!"

"என்னதுங்க?"

"எது நம்ம மீட்டர்னு உனக்கு முதல்லயே தெரியும்! எனக்கே தண்ணி காட்டிட்டே!"

"நான் ஒரு பொய்யாவது சொன்னேனா? நிச்சயமான்னு கேட்டேன். அனுமானம்னீங்க. தப்பு உங்களோடது. நான் திருத்தல, அவ்வளவுதான்."

"அன்னிக்கு நான் துவைச்சப்போ குளம் குளமா போச்சே?"

"அது அக்கா வாசல் கழுவினது. ரொம்ப நாளா கழுவணும்னு சொல்லிட்டிருந்தாங்க. நானும் உங்ககிட்ட சொன்னேனே."

"மெஷின் ஓடினப்போ இடது பக்கம் கொஞ்சமா நகர்ந்ததே?"

"அது நம்ம வீட்ல நான் கழுவின டம்ளர். நகராமலே இருந்தா உங்களுக்குச் சந்தேகம் வந்துடுமே. நீங்க பூதக்கண்ணாடி ஆச்சே."

"பாத்திரம் தேய்க்கிறேன்னு சொன்னியே!"

"டம்ளர் பாத்திரம் இல்லையா?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் ஒரு பக்கம், அதைவிட இன்னொன்று என்னை அரித்தது.

"அது கிடக்கட்டும். நிஜமா எதுதான் அதிகம் குடிக்கும்? கையா, மெஷினா?"

"எனக்கென்ன தெரியும்? வேணும்னா மறுபடி ஒரு தடவை கையால துவைச்சு, இந்தத் தடவை இடது மீட்டரைப் பாருங்களேன்."

என் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று தோன்றியது. மணிக்கட்டைத் தடவிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள்.

"மீட்டர் வேணா மாறியிருக்கலாம். வலிச்சது உங்க கைதானே?" என்றாள்.

அவள் குரலில் கேலி இல்லை. அவளுடைய மணிக்கட்டில் வீக்கம் வற்றத் தொடங்கி, வளையல் இப்போது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அதைப் பார்க்காத நான் என்ன பூதக்கண்ணாடி? எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

அப்போது மீட்டர்காரர் வாசலில் நின்று பில்லை நீட்டினார். எழுந்து போய் வாங்கிவந்து பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். பாதி! போன பில்லில் சரிபாதி!

"பார்த்தியா!" என்று துள்ளிக் குதித்தேன். "எது எப்படியோ, என் சபதம் ஜெயிச்சுது! பில் பாதியா குறைஞ்சிருக்கு! எப்படிக் குறைஞ்சுது தெரியுமா?"

"தெரியும். மெஷின் வந்து ஒரு வாரம்கூட ஆகல. மாசம் முழுக்க நான் எப்பவும் போலத்தான் சமைச்சேன், கழுவினேன், துவைச்சேன். ஒண்ணும் குறைக்கல" என்றாள். "இந்த வீட்ல மாறினது ஒண்ணே ஒண்ணுதான். ஷவரைத் திறந்துவிட்டு அடியில நின்னு யோசிக்கிறதை ஒருத்தர் நிறுத்திட்டார்."

நான் பில்லை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"அப்ப... மிச்சமாகிற காசு நாற்காலிக்குன்னு பேசினோமே?" என்றேன் கடைசியாக.

"பேச்சுன்னா பேச்சுதான். மிச்சமாக மிச்சமாக நாற்காலிக்கே போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பழைய வாளியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "திருடன் கிடைச்சாச்சு. வெளியில யாருக்கும் சொல்லமாட்டேன், அரை வாளியோட மன்னிச்சு விட்டுடறேன்."